ரகசியச் சொல் தெரியாத ஓட்டுநர்

இன்று, ஜெர்மனியில் நாங்கள் இருக்கும் ஹம் நகருக்கு நான் திரும்பி வரும் ரயில் தாமதம். பத்து வயது மகள் நிலாவைப் பள்ளியிலிருந்து நீச்சல் வகுப்புக்குக் கூட்டிக்கொண்டுபோக, பிள்ளைகளைத் தனியாக ஏற்றும் டாக்ஸி ஆப்பில் முதன்முறையாகக் கார் பதிவு செய்தேன்.

கொஞ்ச நேரத்தில் அவளே எனக்குப் போன் எடுத்தாள்.

"அம்மா, கார் நம்பர் சரி. ஆனா எங்கட ரகசியச் சொல் அவருக்குத் தெரியேல்லை. நான் ஏற மாட்டன். டீச்சரோட வாசல்ல நிக்கிறன்."

அப்போதுதான் உறைத்தது, அந்தச் சொல்லை ஓட்டுநருக்கு அனுப்ப நான்தான் மறந்திருந்தேன்! உடனே அனுப்பினேன்.

"அம்மா, புட்டு எண்டதை அவர் 'பூத்தூ' எண்டு சொல்லுறார். ஏறட்டோ?"

"ஓம் பிள்ளை, ஏறு!"

பிளாட்பாரத்திலேயே துள்ளிக் குதித்தேன். சொல்லிக்கொடுத்ததை என்னைவிட அவள் நன்றாக நினைவில் வைத்திருக்கிறாள்!

ஜெர்மன்காரர் வாயில் நுழையும் தமிழ்ச் சொல் ஒன்று இருந்தால் சொல்லுங்கோ. நாளை மறுநாளும் கார்தான்.