இரவல் போன கப்பி

எழுபதுகளில் கேளம்பாக்கத்தில் வீட்டுக் கொட்டகையிலேயே இரும்பு கடையும் லேத் வைத்திருந்தார் அவர். ஒல்லியான ஆள், மூக்குக்கண்ணாடியில் காதில் மாட்டும் கம்பிக்குப் பதில் கயிறு. லேத்தில் மாட்டும் கனத்த இரும்பு சக் ஒன்றைக் கழற்றுவதென்றால் மிஷின் மேல் பலகை போட்டு, விட்டத்துக் கப்பியில் கயிறு கட்டித்தான் இறக்குவார்.

ஒருநாள் பம்புசெட் தண்டு கடையப் போனேன். கப்பியைக் காணோம்.

“கப்பி எங்க அண்ணாத்த?”

“கோவளத்துல படகு இழுக்க வாங்கினு போனாங்க.”

“கேட்டு வாங்கறதுதானே?”

“கடலுக்குப் போறவங்ககிட்ட எப்புடி நைனா கேக்கறது? அவங்களே குடுப்பாங்க.”

என்னைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டுத் தனியாகத் தூக்கினார். சக் நழுவிப் பலகைமேல் விழுந்தது. நடுவில் அவருடைய வலது கை.

“மிஷினுக்கு ஒண்ணும் ஆவலயே?” என்றார் முனகலோடு.

அவர்மேல் எனக்கு இன்றும் கோபம்தான். மறுமுறை போனபோது கப்பி திரும்பி வந்து விட்டத்தில் தொங்கியது. அதன் கீழே லேத் இல்லை.