கணவாயின் மூன்று இதயங்கள்

கடலில் பிடிக்கிற கணவாயின் மை விரலில் பட்டால், எவ்வளவு சவர்க்காரம் போட்டுக் கழுவினாலும் நகக்கண்ணில் ஒரு கறுப்புக் கோடாக நின்றுவிடும். அந்தக் கோட்டை நினைக்கும்போதெல்லாம், மேம்பாலத்தில் மெற்றோ ரயில் போகையில் ஜன்னல் கண்ணாடி அதிர்கிற, நாடுவிட்டு வந்து நாங்கள் குடியிருந்த லா சப்பல் வீட்டுக் 'குசினி' என்கிற சமையலறையும், அங்கே பேசாமல் நின்ற அம்மாவும் கண்முன் வருகிறார்கள்.

அது 2009ஆம் ஆண்டுக் கோடை. ஊரில் சண்டை முடிந்துவிட்டது என்றார்கள். வன்னியில் இருந்த அம்மாவின் தம்பியைப் பற்றி மட்டும் யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. தொலைபேசியில் எல்லோரிடமும் கேட்டுக் களைத்த அம்மா, ஒருநாள் கேட்பதையே நிறுத்திவிட்டார். பிறகு எங்களிடமும் எதையும் கேட்கவில்லை. சாப்பிட்டாயா என்றுகூட இல்லை. சோற்றுக் கோப்பையை வைத்துவிட்டு அப்பால் போய்விடுவார். கடைக்கும் அப்பாதான் போய்வந்தார்.

எனக்கு ஒன்பது வயது. பள்ளிக்கூடத்திலிருந்து இரவல் வாங்கிய தடித்த புத்தகம் ஒன்றில் வியப்பான தகவல்கள் நிறைந்திருந்தன. எங்கள் குடும்பத்தில் படிப்பை முடித்த முதல் ஆளாக நான் பின்னால் ஆனதற்கு அந்தப் புத்தகமும் ஒரு காரணம். ஆனால் அன்று எனக்கு வேண்டியது அம்மாவின் வாயிலிருந்து ஒரு "மெய்யே?" மட்டுந்தான். சூரியன் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று, பெரிய எண்ணைத் தமிழில் சொல்லத் தெரியாமல் திண்டாடிச் சொன்னேன். வெயிலில் இங்குள்ள இரும்புக் கோபுரம் கொஞ்சம் வளரும் என்றேன். "ம்" என்றார். அவவைக் கரைச்சல்படுத்தாதே என்று அப்பா கண்டித்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, அப்பா கடையில் கழுவி வாங்கி வந்த கணவாயை அம்மா வெட்டிக்கொண்டு நின்றபோது, புத்தகத்தில் கணவாயைப் பற்றிய பக்கம் தற்செயலாகக் கண்ணில் பட்டது.

"அம்மா, கணவாய்க்கு மூண்டு இதயமாம்."

கத்தி நின்றது.

"மெய்யே? எங்கை, காட்டு பாப்பம்."

உள்ளே இருப்பதெல்லாம் எடுத்துக் கழுவிய கணவாயில் எதைக் காட்டுவது? அடுத்த சனிக்கிழமை, நெடுநாளைக்குப் பிறகு அம்மா செருப்பைப் போட்டுக்கொண்டு என்னோடு படியிறங்கினார். மீன்கடையில் கழுவாத கணவாயைக் கேட்டதும், வெட்டுகிற அண்ணை சிரித்தார்.

"கை நாறப்போகுது அக்கா. கழுவித் தாறனே?"

"வேண்டாம் தம்பி. அதுக்கு மூண்டு இதயம் இருக்காம், பாக்கவேணும்."

"மூண்டோ? எங்கடை முதலாளிக்கு ஒண்டையே காணேல்லை."

கல்லாவில் இருந்த முதலாளி தலையை நிமிர்த்தாமல், "கேட்டுக்கொண்டுதான் இருக்கிறன்" என்றார். அம்மா சிரித்துவிட்டார். அந்தச் சத்தத்தையே நான் மறந்துபோயிருந்தேன்.

வீட்டில் புத்தகத்தின் படத்தை விரித்து வைத்துத் தேடினோம். மைப்பை உடைந்து இரண்டு பேருக்கும் கை கறுத்தது. இரண்டு செவுள்களின் அடியிலும் ஒவ்வொன்றும் நடுவில் ஒன்றுமாக, அம்மாதான் பொறுமையாக விரலால் விலக்கி விலக்கிக் கண்டுபிடித்தார். கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "உன்ரை மாமா கணவாய்க் கறி எண்டால் சட்டியை வழிச்சுத் தின்னுவான். இதைக் கேட்டிருந்தால் ஊரெல்லாம் சொல்லித் திரிஞ்சிருப்பான்" என்றார். அன்று இருட்டும்வரை மாமாவைப் பற்றியே பேசினார்.

எண் பெரிதாக இருந்தால் தகவல் சுவையாகிவிடும் என்று நினைத்திருந்தேன். கையில் கிடக்கிற பொருளைத் திரும்பப் பார்க்கவைப்பதும், பார்த்த கையோடு இன்னொருவரிடம் ஓடிப்போய்ச் சொல்லத் தோன்றுவதும்தான் சுவை என்பதை, கறுத்த விரல்களோடு நின்ற அம்மாவிடம் கண்டேன். அவ்வளவு துயரத்துக்குள்ளும் ஒரு சின்னக் கணவாயைத் திறந்து பார்க்க மனம் வைத்தாரே, அதை நினைக்க இப்போதும் எனக்கு வியப்புத்தான்.

அந்த மீன்கடை இருந்த இடத்தில் இன்று கைத்தொலைபேசிக் கடை இருக்கிறது. தகவல்கள் விரல் தள்ளத் தள்ள வந்துகொண்டே இருக்கின்றன. பெரும்பாலானவை அடுத்த நிமிடமே மறந்துபோகின்றன. நல்லதாக ஒன்று அகப்பட்டால் மட்டும் அம்மாவுக்கு எடுத்துச் சொல்கிறேன். "மெய்யே?" என்று கேட்டு, எல்லாவற்றையும் விசாரித்துத் தெளிந்த பிறகு, எப்போதும்போல மெல்லச் சொல்வார்:

"உன்ரை மாமா வந்தால் சொல்லவேணும்."