அப்பாவும் ரத்தம் கொடுக்கட்டும்!

போன வருடக் கோடை விடுமுறையில் நடந்தது இது. நாமக்கல் பக்கம் எங்களுக்கு ஒரு கோழிப்பண்ணை இருக்கிறது. ஏழாம் வகுப்பு முடித்திருந்த என் மகள் கால் வலிக்கிறது என்று அழ ஆரம்பித்தாள். ஓட்டப்பந்தயத்தில் கப் வாங்கியவள், படி ஏறத் திணறினாள். முழங்கால்கள் உள்பக்கமாக வளைந்து ஒன்றோடொன்று இடித்தன.

கோழி கால் தள்ளாடினால் தீவனத்தில் சுண்ணாம்புச் சத்துக்காகக் கிளிஞ்சல் தூள் கூட்டிப் போடுவோம். என் வீட்டுக்காரர் அதே வைத்தியத்தை மகளுக்கும் பார்த்தார். கேழ்வரகு, பால், முட்டை, போதாததற்கு மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய கால்சியம் மாத்திரை! வலி கூடியதே தவிரக் குறையவில்லை.

சேலத்தில் ரத்தம் சோதித்த டாக்டரம்மா முதல் வேலையாக மாத்திரையை நிறுத்தினார். ரத்தத்தில் கால்சியம் ஏற்கெனவே மிக அதிகமாம். கழுத்தில் இருக்கும் பாராதைராய்டு என்ற சின்னச் சுரப்பி அளவுமீறி வேலை செய்து, எலும்பிலிருந்து அதை இழுத்துக்கொண்டிருந்ததாம்.

“பெரியவங்களுக்கு வந்தா பல பேருக்குத் தெரியவே தெரியாது. வேற எதுக்காவது ரத்தம் பார்க்கும்போதுதான் மாட்டும். குழந்தைங்களுக்கு வர்றது அபூர்வம், வந்தா இப்படிக் கடுமையா எலும்பைப் பாதிக்கும். குடும்பத்துலயும் இருக்கலாம், கிட்னியில கல்லு வர்றதுகூட இதனால இருக்கும். நீங்க ரெண்டு பேரும் டெஸ்ட் எடுத்துக்கங்க” என்றார்.

எனக்கு ஒன்றுமில்லை என்று வந்தது. இவரோ, “எனக்கென்னங்க, கல்லாட்டம் இருக்கறேன்” என்று நழுவினார். ஊசி என்றால் அவ்வளவு பயம்! அடிக்கடி வரும் சிறுநீரகக் கல்லுக்கும் போர்வெல் தண்ணீர் மேல்தான் பழி போடுவார்.

அந்தச் சுரப்பியை எடுக்கும் ஆபரேஷன் அன்று காலை மகள் ஸ்ட்ரெச்சரில் ஏற மாட்டேன் என்று நின்றுவிட்டாள்.

“அப்பா, உங்களுக்குத்தான் கல்லு வருதில்ல? நீங்களும் டெஸ்டுக்கு ரத்தம் குடுங்க, அப்பறம் நான் உள்ள போறேன்.”

“அடம் புடிக்காத சாமி, டாக்டரு காத்திருக்காங்க” என்று இவர் கெஞ்சினார். மகளா மசிவாள்? கடைசியில் கண்ணை இறுக மூடிக்கொண்டு கையை நீட்டினார். அதைப் பார்த்த பிறகுதான் அவள் ஏறிப் படுத்தாள்.

அவளுக்கு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இவருடைய ரத்தத்திலும் அதே நோய் இருந்தது. சத்தமே இல்லாமல் சிறுநீரகத்தைக் கெடுத்துக்கொண்டிருந்ததாம். அடுத்து அவருக்கும் ஆபரேஷன் ஆயிற்று.

இப்போது மகளுக்கு வலி இல்லை. கால்கள் மெல்ல நேராகி வருகின்றன. அப்பா, மகள் இருவர் கழுத்திலும் ஒரே மாதிரித் தழும்பு. யாராவது கேட்டால் இவர் சட்டைக் காலரை விலக்கிக் காட்டி, “எம்புள்ள கண்டுபுடிச்சதுங்க” என்கிறார்.

தான் நடக்க முடியாமல் நின்ற நேரத்திலும் அப்பாவை நினைத்த பிள்ளையைப் பெற்றிருக்கிறேன் என்று நினைக்கும்போதெல்லாம், எனக்குத் தலை தானாக நிமிர்கிறது.