யாரும் வராத ஊர்ல ஒரு வீடு

வீட்டு புரோக்கர் வேலைன்னா சாவி வாங்கி, கதவைத் தொறந்து, "நல்லா காத்து வரும் பாருங்க"ன்னு சொல்றதுதான்னு நெறைய பேரு நெனைச்சுக்கினு இருக்காங்க. அடுத்தவங்க புருஷன் பொஞ்சாதி சண்டைக்கு நடுவுல செருப்பைக் கழட்டிட்டு நிக்கற வேலைங்க இது.

திருப்பதியில என்னைத் தேடி வர்றவங்கள்ல முக்காவாசிப் பேரு ரிட்டையர் ஆனவங்க. ஆந்திரான்னா கடலோர மாநிலம், வெதுவெதுன்னு இருக்கும், குளிர் கிடையாது, பெருமாள் காலடியில கடைசிக் காலத்தை ஓட்டிடலாம்னு வருவாங்க. நல்லது எது, கெட்டது எதுன்னு என்னை நிக்க வெச்சு கேப்பாங்க. நான் நகரியில தறி வீட்ல பொறந்து இங்க வாக்கப்பட்டவ. தமிழ்ல ஆரம்பிச்சு தெலுங்குல முடிப்பேன். ஆனா ரெண்டு பாஷையிலயும் பொய் சொல்ல வராது. வீடு மாத்தி அலைஞ்ச உங்களுக்குத் தெரியாதா, பொய் சொல்லாத புரோக்கர் படற பாடு?

எங்க வீட்லயும் ஒரு ரிட்டையர்மென்ட்

எங்க வீட்டுக்காரர் மலைக்கு பஸ் ஓட்டினவரு. காலம் பூரா அந்த வளைவுங்கள்ல ஸ்டீயரிங்கைத் திருப்பித் திருப்பி, போன வருஷம்தான் ரிட்டையர் ஆனாரு. ஆனப்புறம்தான் சொந்த வீட்டை முழுசா கவனிச்சாரு. பாத்தா வீடு பூரா ஜனம். திருப்பதியில வீடு வெச்சிருக்கறவங்களுக்கு இது புரியும். "அத்தை, ஒடம்பு எப்படி இருக்குது?"ன்னு புத்தூர்லேருந்தோ அரக்கோணத்துலேருந்தோ போன் வந்துச்சுன்னா, நாளைக்கு அவங்களுக்கு தரிசனம்னு அர்த்தம். நாங்க பேரு மறந்துபோன சொந்தமெல்லாம் கூட வழி மறக்காம வந்துடும்.

எனக்கு அது பழகிப் போச்சு. சொல்லப்போனா நாலு பேரு வந்து துன்னாத்தான் எனக்கே சோறு எறங்கும். அவருக்கு அப்படி இல்ல. ஒரு நாள் விடிகாலையில தோள்ல துண்டைப் போட்டுக்கினு பாத்ரூம் கியூல அஞ்சாவது ஆளா நின்னாரு. தன் வீட்ல, தன் பாத்ரூமுக்கு! குளிச்சிட்டு வந்து தலையைத் தொவட்டிக்கினே ஒண்ணு சொன்னாரு. அதுவும் சிரிக்காம. "ஊருக்கெல்லாம் வீடு பாக்கறியே கஸ்தூரி, எனக்கும் ஒண்ணு பாரு. கடலோரமா, எவனும் வராத ஊர்ல. இதை வித்துடு."

முட்டி மட்டும் சுகம்

குன்னூர்லேருந்து ஒரு பெரியவர் வந்தாரு. எஸ்டேட் ஆபீஸ்ல இருந்தவரு. தை மாசத்துல வந்து, "ஆஹா, என்ன ஒரு இதமான வெயில்!"னு மொட்டை மாடியில கையை விரிச்சுக்கினு நின்னாரு. மத்த புரோக்கருங்க வீட்டை சாயங்காலம் காட்டுவாங்க. நான் மட்டும் மத்தியானம்தான் காட்டுவேன், அதுவும் சித்திரையில. "இப்ப வேணாம் சார், அக்னி நட்சத்திரத்துல ஒரு தடவை வந்துட்டு சொல்லுங்க"ன்னு அனுப்பிட்டேன். "கையில வந்த ஆளை வெரட்றியே, இன்னா பொம்பளை நீ?"ன்னு வீட்டு ஓனர் என்னை திட்டாத திட்டில்ல.

சொன்ன மாதிரியே வந்தாரு மனுஷன். பட்டப்பகல்ல அதே மொட்டை மாடிக்குக் கூட்டிக்கினு போனேன். செருப்பு இல்லாம ஏறிட்டாரு, பாவம். ஒரு காலை வெச்சு ஒரு காலைத் தூக்கி, மாடி பூரா குதிச்சாரு. இதோட போச்சு இந்த பார்ட்டின்னு நெனைச்சேன். கீழ எறங்கி ஒரு செம்பு தண்ணியைக் குடிச்சுட்டு, மூஞ்செல்லாம் செவந்துபோய் சொன்னாரு: "அம்மா, ஒடம்பு பூரா வேகுது, ஆனா பாருங்க, முட்டி வலிக்கல. குன்னூர்ல நான் குதிச்சு பல வருஷம் ஆச்சு. வீட்டை முடிச்சுடுங்க!"

மொட்டையைப் பாத்து ஏமாந்த கதை

சேலத்துலேருந்து ஒருத்தர் போன் பண்ணாரு. பேங்க்ல இருந்து ரிட்டையர் ஆனவரு. "பஸ் ஸ்டாண்டுல நில்லுங்கம்மா, சுலபமா கண்டுபுடிச்சுடலாம். எனக்கு நல்லா அடர்த்தியா வெள்ளை முடி, பெரிய மீசை"ன்னாரு. நானும் சரின்னேன். திருப்பதியில குடும்பம் நடத்திக்கினு, முடியை அடையாளம் வெச்சு ஒரு ஆளைத் தேடப் போனேன் பாருங்க, என்னை எதால அடிக்கறது! மனுஷன் மொதல்ல மலைக்குப் போய் முடியைக் குடுத்துட்டுத்தான் எறங்குவாருன்னு எனக்குத் தோணவே இல்ல.

பஸ் ஸ்டாண்டுல எங்க பாத்தாலும் சந்தனம் தடவின மொட்டை. அதுல வயசான ஒரு மொட்டை என்னைப் பாத்து சிரிச்சுது. "வீடு பாக்கத்தானே சார்?"னேன். தலையை ஆட்டினாரு. ஆட்டோவுல ஏத்திக்கினு போய் ஒவ்வொரு ரூமா காட்டினேன். கொழாயைத் தொறந்து மூஞ்சி கழுவினாரு, ஃபேனைப் போடச் சொன்னாரு, ஹால்ல துண்டை விரிச்சு காலை நீட்டிட்டாரு. வாஸ்து பாக்கறாரு போலன்னு நான் வாயைப் பொத்திக்கினு நிக்கறேன். அப்ப என் போன் அடிக்குது. "எங்கம்மா இருக்கீங்க, ஒரு மணி நேரமா பஸ் ஸ்டாண்டுல நிக்கறேன்"னு சேலத்துக்காரர் கத்தறாரு. நான் இவரைத் திரும்பிப் பாத்தேன். எழுந்திரிக்காமயே கை ரெண்டையும் கூப்பினாரு. "நீங்க கூப்ட்டீங்க, வந்தேன் தாயி. மேல ரூம் கெடைக்கலையேன்னு வேண்டிக்கினேன், பெருமாளே ஆள் அனுப்பிட்டாருன்னு நெனைச்சேன். பஸ்சுக்கு இன்னும் நேரம் இருக்குது, செத்த தூங்கிக்கட்டுமா?"

படுத்தா மலை தெரியணும்

பெங்களூருலேருந்து வந்த ஒரு ஜோடி. அந்த அய்யாவுக்கு ஒரே ஒரு கண்டிஷன்: கட்டில்ல படுத்துக்கினே ஏழு மலையும் தெரியணும். இங்க கொர்லகுண்டா ஏரியாவுல அந்த மாதிரி ஒரு மாடி வீடு இருந்துச்சு. ஜன்னலைத் தொறந்தா மலைதான். சந்தோஷமா கட்டில் எங்க போடறதுன்னு பாத்தாங்க, அப்பதான் வந்துச்சு வெனை. மலை வடக்குல இருக்குது. மலையைப் பாத்துப் படுத்தா பெருமாளுக்குக் காலை நீட்டின மாதிரி ஆகும், அது பாவம். சரி, திருப்பிப் போடலாம்னா தலை வடக்கால போவும், அது அதைவிட மோசம். அவரு ஒண்ணு சொல்ல, அந்தம்மா ஒண்ணு சொல்ல, எனக்கு நின்னு நின்னு கால் கடுத்துப் போச்சு.

கடைசியில நான்தான் தரையில படுத்துக் காட்டினேன். ஆமாங்க, புடவையை இழுத்து சொருகிக்கினு படுத்தேன்! "தலையை கெழக்கால வெச்சு, வலது பக்கம் ஒருக்களிச்சுப் படுங்க சார். காலும் நீட்டல, மலையும் தெரியும்"னேன். அவருக்கு மூஞ்சில பல்ப் எரிஞ்சுது. அந்தம்மா தனக்கு எந்தப் பக்கம் மிச்சம்னு பாத்துட்டு என்கிட்ட சொன்னாங்க: "கல்யாணமான நாள்லேருந்து எனக்கு முதுகைக் காட்டித்தான் படுக்கறாரு. இப்பத்தான் அதுக்குப் பெருமாள் ஒரு காரணம் குடுத்திருக்காரு."

கடலோரத்து வீடு

இதெல்லாம் நடந்துக்கினு இருக்கறப்ப எங்க வீட்டு விஷயம் மட்டும் ஆறல. தெனம் கேப்பாரு, "பாத்தியா, பாத்தியா?"ன்னு. சரின்னு ஒரு ஞாயித்துக்கெழமை சூளூர்பேட்டையில எறங்கி, அங்கேருந்து ஆட்டோ புடிச்சு, கடலோரமா ஒரு வீடு பாக்கப் போனோம். அழகான வீடுதான், இல்லன்னு சொல்லமாட்டேன். காத்து புடவையை அள்ளிக்கினு போச்சு. தூரத்துல தண்ணியில செவப்பா பறவைங்க நின்னுக்கினு இருந்துச்சு. இவரு வராண்டாவுல உக்காந்து கண்ணை மூடிக்கினாரு. நான் பழக்க தோஷத்துல வீட்டை சுத்தினேன். தாப்பாளைப் புடிச்சா துருப்புடிச்சு கையோட வந்துடுச்சு. கொழாத் தண்ணி வாயில வெக்க முடியாத உப்பு. அதுல பருப்பு வேகுமா?

அதெல்லாம் கூட சமாளிச்சுடலாங்க. அந்த நிசப்தம்தான் எனக்கு பயமா இருந்துச்சு. இங்க வந்து, இந்த மனுஷன் மூஞ்சியை நான் பாத்துக்கினு, என் மூஞ்சியை அவரு பாத்துக்கினு, எப்படிங்க காலம் போவும்? அழுகை முட்டிக்கினு வந்துச்சு. ஆனா காலம் பூரா உழைச்சவரு மொத மொதல்ல ஒண்ணு ஆசைப்பட்டு கேக்கறாரு, எப்படி வேணாம்னு சொல்றது? வீட்டைப் பாத்துக்கற அம்மாகிட்ட அக்கம்பக்கம் எப்படின்னு கேட்டேன். "இங்க எவனும் வரமாட்டான் அக்கா. திருடனும் வரமாட்டான், டாக்டரும் வரமாட்டான்"னு தெலுங்கு கலந்து சொல்லிச்சு. பஸ் ஏறினதும் இவரு என் தோளைத் தட்டினாரு. "கேட்டியா கஸ்தூரி, திருட்டு பயம் கூட இல்லியாம்!"

என் வீட்டை நானே காட்டினது

நான் நெனைச்சிருந்தா எங்க வீட்டுக்கு ஒரு பார்ட்டியும் வராம பாத்துக்கினு இருக்கலாம். மனசு கேக்கல. அந்த வாரமே விமலாம்மா வந்தாங்க. சொந்த ஊரு குடியாத்தம், வெளிநாட்டுல நர்சா இருந்து ரிட்டையர் ஆனவங்க, கல்யாணம் பண்ணிக்கல. பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கமா, பெரிய ஹாலோட வேணும்னாங்க. அப்படி அப்ப இருந்தது என் வீடு ஒண்ணுதான். வேற வழியில்லாம கூட்டிக்கினு வந்தேன்.

எங்க வீட்டுக்காரர்தான் எல்லாத்தையும் காட்டினாரு. தண்ணி, வெளிச்சம், அக்கம்பக்கம்னு புகழ்ந்து தள்ளினாரு. "கொறைன்னு ஒண்ணு இருக்குமே?"ன்னு அவங்க கேட்டாங்க. நான் மொறைச்சதும் இவரு உண்மையைச் சொல்லிட்டாரு. "இருக்குதும்மா. சொந்தக்காரங்க தொல்லை. தரிசனம், தரிசனம்னு சொல்லாம கொள்ளாம வந்து எறங்குவாங்க." அந்தம்மா நாற்காலி நுனிக்கு வந்துட்டாங்க. "சொல்லாமயே வருவாங்களா? வந்தா தங்குவாங்களா? உங்களுக்கு ஒண்ணுன்னா நிப்பாங்களா?"ன்னு அடுக்கினாங்க. "நிப்பாங்களாவா?"ன்னு இவருக்கு ரோசம் வந்துடுச்சு. "ஒரு நாள் எனக்கு மூச்சு முட்டிப் போச்சு. ஆட்டோவுல தூக்கிப் போட்டுக்கினு ஓடினது யாரு? அரக்கோணத்து சொந்தக்காரப் பையன். தரிசன டிக்கெட்டு கையில இருக்குது, மலைக்கே போகல அவன். ஆஸ்பத்திரி பெஞ்ச்லயே ஒக்காந்துக்கினு..." அதோட நிறுத்திட்டாரு.

விமலாம்மா மெதுவா சொன்னாங்க. "எங்க அண்ணன் தம்பி பசங்களை நான்தான் படிக்க வெச்சேன். வருஷா வருஷம் மலைக்கு வராங்க. என்னைப் பாக்கத்தான் வழி இல்ல. திருப்பதியில வீடு இருந்தா ஒரு பொழுதாவது தங்கித்தானே ஆகணும்? வெயிலும் காத்தும் எனக்கு எதுக்குங்க. என் வீட்டுக்கு ஆள் வரணும், அதுக்குத்தான் இந்த ஊரு." எங்க வீட்டுக்காரர் எழுந்து உள்ள போனாரு. காபி எடுத்துக்கினு வந்தாரு. அவரு கையால காபி போட்டு நான் பாத்ததே இல்ல. டம்ளரை அவங்க கையில குடுத்துட்டு, என்னைப் பாக்காம சொன்னாரு: "தப்பா நெனைச்சுக்காதீங்கம்மா, இந்த வீடு விக்கறதுக்கு இல்ல. கஸ்தூரி, இவங்களுக்கு நம்ம தெருவுலயே ஒண்ணு பாரு."

அப்பாடான்னு சமையல்கட்டுல போய் நின்னு ஒரு மூச்சு அழுதேன். அப்புறம் எங்க வீட்லேருந்து மூணாவது வீடு காலியானப்ப அவங்களுக்கே முடிச்சுக் குடுத்தேன். பால் காய்ச்சி ரெண்டு மாசம் அவங்க வாசல்ல ஒரு செருப்பும் இல்ல. தெனம் அந்தப் பக்கம் போறப்ப நான் வாசலைப் பாத்துக்கினே போவேன். இவரும் எட்டி எட்டிப் பாத்துட்டு வருவாரு, "இன்னும் யாரும் வரலடி"ன்னு. போன வெள்ளிக்கெழமை எங்க வீட்லயே புத்தூர் கும்பல், நான் மாவு கரைச்சுக்கினு இருக்கேன், விமலாம்மாகிட்டேருந்து போன். பின்னால கொழந்தைங்க கத்தறது கேக்குது. அவங்களும் கத்தறாங்க, அழுவறாங்களா சிரிக்கறாங்களான்னு தெரியல. "கஸ்தூரி, என் வீட்ல பாய் பத்தல! உங்க வீட்டு அண்ணன்கிட்ட சொல்லுங்க, வந்தவங்களுக்கு பாய் பத்தல!"

இத்தனை வருஷம் வீடு காட்டினதுல நான் தெரிஞ்சுக்கினது இவ்ளோதாங்க: நிம்மதியான வீடு வேணும்னு கேளுங்க, தாராளமா காட்டறேன், ஆனா அங்க போய் நிம்மதி தாங்க முடியலன்னா என்னைத் திட்டக்கூடாது.