வலிக்கு முன்னால் வரும் பயம்

சிங்கப்பூர் எல்லையை ஒட்டிய பெர்மாஸ் ஜெயாவில் வசிக்கும் லோஷினிக்கு வலியைவிட, வலி வரப்போகிறது என்ற பயமே பெரிது. மாதவிலக்கு நெருங்கினால் போதும், சிங்கப்பூர்த் தொழிற்சாலையிலிருந்து எவ்வளவு களைத்து வந்து படுத்தாலும் கண் மூடாது. செல்லம் அத்தைக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. முப்பது வயதிலேயே கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள், பிள்ளையில்லை. லோஷினிக்கு அடுத்த ஆண்டு கல்யாணம். தனக்கும் அதே கதிதானோ என்று நடுங்கியே அவள் கிளினிக் பக்கம் போகாமல் இருந்தாள்.

வேலைக்குப் பஸ் ஏறுமுன் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டாள். எல்லைப் பாலத்தில் ஜாம் ஆகிவிட்டால் கழிவறைக்கு எங்கே இறங்குவது? வலி நாட்களில் வெறும் வயிற்றில் மாத்திரை, இடைவேளையில் ஒரு கோப்பி. அவ்வளவுதான்.

"மாப்பிள்ளைக்காக டயட்டா? காத்தடிச்சா பறந்துருவ லா!" என்று உடன் வேலை செய்யும் தேன்மொழி கேலி செய்வாள்.

ஒரு நாள் எல்லையில் குடிநுழைவுச் சோதனை வரிசையில் கண் இருட்டி விழுந்தாள். சேதி தெரிந்ததும் அத்தை அவளைத் தெப்ராவிலுள்ள கிளினிக்குக்கு இழுத்துப் போனாள்.

டாக்டர் பிரேமளா எடுத்த எடுப்பில், "ராத்திரி தூங்குறீங்களா? காலையில என்ன சாப்பிட்டீங்க?" என்று கேட்டார்.

"வயித்து வலின்னு வந்தா தூக்கத்தப் பத்திக் கேக்குறாங்களே!" அத்தை முணுமுணுத்தாள்.

"எல்லாம் ஒண்ணோட ஒண்ணு சேர்ந்ததும்மா. தூங்காம, சாப்பிடாம இருந்தா வலி இன்னும் கூடலாம். வலி கூடினா தூக்கம் போயிரும், மனசும் சோர்ந்துரும்." டாக்டர் லோஷினியைப் பார்த்தார். "வலிக்கு முன்னயே பயம் வருதா?"

லோஷினி தேம்பினாள். "என்னோடதையும் எடுத்துருவீங்களா டாக்டர்?"

ஸ்கேன் கருவி அடிவயிற்றில் ஊர்ந்தது. லோஷினிக்கு உயிர் போய் உயிர் வந்தது. அத்தையின் விரல்களை நெரித்தாள்.

"எடுக்குற மாதிரி ஒண்ணும் தெரியல. ஆனா ஸ்கேன்ல எல்லாமே தெரிஞ்சிராது. வேளைக்குச் சாப்பிடுங்க, வெறும் வயித்துல மாத்திரை வேணாம். வலி குறையலன்னா பெண்கள் நல நிபுணர்கிட்ட அனுப்புறேன். பயத்தப் பத்திப் பேசவும் இங்க ஒரு ஆலோசகர் இருக்காங்க."

வெளியே வந்ததும், "ஒண்ணும் இல்லன்னா இவ்ளோ வலி எங்கேருந்து வருது அத்தை?" என்றாள்.

"எனக்கென்னடி தெரியும்? என்னை அப்ப யாரும் இந்த டாக்டர் மாதிரி கேக்கல. நானும் பயந்து வாயத் திறக்கல. ரத்தம் கொட்டி மயங்கினப்புறம்தான் தூக்கிட்டுப் போனாங்க."

லோஷினி அத்தையின் தோளைத் தொட்டாள். பிறகு திரும்பிக் கிளினிக் முகப்பிலிருந்த பதிவு மேசைக்குப் போனாள்.

"அந்த ஆலோசகரப் பாக்கணும்," என்றாள். "எப்ப வரலாம்?"