மஞ்சள் நீரில் மறைந்த மஞ்சள்

எண்பதுகளில் நாங்கள் மலேசியாவில், புக்கிட் ரோத்தான் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில், தொழிலாளர்களின் லயத்து வீட்டில் குடியிருந்தோம். மாரியம்மன் திருவிழா வந்தால் லயமே மஞ்சள் மணக்கும். இப்போது நினைத்தாலும் மூக்கில் அந்த வாசம் ஏறுகிறது.

அந்த வருஷம் என் மனைவி பால்குடம் எடுப்பதாக வேண்டிக்கொண்டாள். வேண்டுதலே அவள் வயிற்று வலிக்காகத்தான். ஆட்டுக்கறியோ எண்ணெய்ப் பலகாரமோ சாப்பிட்டால், கொஞ்ச நேரத்தில் வலது விலாவுக்குக் கீழே பிடித்துக்கொள்ளும். அங்கிருந்து முதுகுக்கு ஏறி வலது தோள்பட்டையில் போய் நிற்கும். ரப்பர் பால் வாளி தூக்குகிற தோள் ஆயிற்றே, வேலை வலி என்றே நினைத்தோம். வயிற்று வலிக்கு வாயு என்று பேர் வைத்து ஓமத் தண்ணீர் கொடுத்தேன்.

விரதம் தொடங்கியதும் வலி போய்விட்டது. ரசச் சோறு ஒரு வேளை, அவ்வளவுதான்.

"பாத்தீங்களா, ஆத்தா எடுத்துட்டா!" என்றாள். நானும் கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

பால்குடம் நல்லபடியாக முடிந்து, மறுநாள் முனியாண்டிக்குக் கடா வெட்டினார்கள். விரதம் விட்ட வாய், ஆசையாகச் சாப்பிட்டாள். சாயங்காலமே வலி வந்துவிட்டது. இந்த முறை விடவில்லை. வாந்தி, அப்புறம் உடம்பைத் தூக்கிப் போடுகிற குளிர் காய்ச்சல். திருஷ்டி என்று சுற்றிப் போட்டோம்.

அதற்குள் மஞ்சள் நீராட்டு நாள் வந்தது. வாசலில் சுருண்டு உட்கார்ந்திருந்தவள் மேலும் முறைக்காரப் பிள்ளைகள் மஞ்சள் தண்ணீரை ஊற்றிவிட்டு ஓடினார்கள். பக்கத்து வீட்டு அக்கா சிரித்தார்.

"என்னா தங்கச்சி, கண்ணுகூட மஞ்சளாயிடுச்சி? கண்ணுக்குள்ளயுமா ஊத்துனானுங்க?"

எல்லோரும் சிரித்தோம். அவளும் சிரித்தாள், பாவம்.

குளித்துத் துடைத்து வந்தபோது முகத்து மஞ்சள் போயிருந்தது. கஞ்சி கொண்டுவந்த அக்கா அவள் முகத்தைத் தூக்கிப் பார்த்தார்.

"இது மஞ்சத் தண்ணி இல்லலா. கண்ணே மஞ்சளா இருக்கு."

"ஒண்ணுக்குகூட பாலில்லாத தே ஓ மாதிரி கறுப்பா போவுதுக்கா," என்றாள் என் மனைவி, தலையைக் குனிந்தபடி. "வெக்கமா இருந்திச்சி, சொல்லல."

அக்கா என் பக்கம் திரும்பினார். "இன்னும் என்னா நிக்கிறீங்க தம்பி? வண்டியப் பாருங்க!"

கோயில் பந்தல் சாமான் ஏற்ற வந்த லோரியிலேயே ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் வலது விலாவின் கீழே விரலை அழுத்தி, "மூச்ச இழுங்கம்மா," என்றார். வலி தாங்காமல் பாதி மூச்சிலேயே நிறுத்திவிட்டாள்.

பித்தப்பையில் கல் இருப்பதாகவும், ஒன்று நகர்ந்து பித்தம் போகிற வழியை அடைத்திருப்பதாகவும் சோதித்துச் சொன்னார்கள். கொழுப்புச் சாப்பாடு உள்ளே போனால் அந்தப் பை சுருங்குமாம். அதனால்தான் கறி தின்றால் வலி. கண் மஞ்சளும் குளிர் காய்ச்சலும் சேர்ந்து வந்தால் ஒரு நாளும் காத்திருக்கக் கூடாது, உயிருக்கே ஆபத்து என்றார் டாக்டர்.

ஆப்பரேஷன் முடிந்து அவள் கண் திறக்கும்வரை நான் சொல்லாத சாமி பேர் இல்லை.

"வெறதச் சோத்துல கொழுப்பு இல்லாததாலதான் வலி வரலியாம்," என்று மெதுவாகச் சொன்னேன். "ஆத்தா எடுக்கல போலிருக்கு."

"கஞ்சியோட அந்த அக்காவ அனுப்புனது யாராம்?" என்றாள்.



அடுத்த வருஷம் நன்றிக்குப் பால்குடம் எடுத்தாள். மஞ்சள் நீராட்டு அன்று பிள்ளைகள் வாளியோடு வர, அக்கா குறுக்கே வந்து நின்றார்.

"இருங்கடா. தங்கச்சி, மொதல்ல கண்ணக் காட்டு."

பார்த்தார். வெள்ளை வெளேரென்று இருந்தது.

"ம், இப்ப ஊத்துங்க!"