உஸ்தீன்யா சுற்றிய வெளிச்சம்

சவோசெரியே கிராமத்து வெண்ணெய்க் கூட்டுறவுச் சங்கத்தில் உறுப்பினர்கள் அறுபது பேர். வேலை செய்யும் வலது கை மட்டும் ஒன்றுதான். அது உஸ்தீன்யாவுடையது. பாலிலிருந்து ஏடு பிரிக்கும் இயந்திரத்தின் கைப்பிடியை ஆளுக்கொரு நாள் சுற்ற வேண்டும் என்பது சங்க விதி. ஆண்கள் அந்த விதியை ஒருமனதாக நிறைவேற்றிவிட்டு, மறுநாளே இடுப்பைப் பிடித்துக்கொண்டார்கள். அன்றிலிருந்து எல்லா நாளும் உஸ்தீன்யாவின் நாளானது. அவள் சட்டைக்கு வலது கையை மட்டும் பெரிதாக வெட்டித் தைக்க வேண்டியிருந்தது.

ரஷ்யப் புரட்சி முடிந்து சில ஆண்டுகளில், மாவட்டக் கூட்டுறவு ஒன்றியம் கிராமங்களுக்குச் சினிமா அனுப்பத் தொடங்கியது. சறுக்கு வண்டியில் வெள்ளைத் துணியும், படம் காட்டும் இயந்திரமும், வெனியமீன் என்ற ஒல்லியான ஆப்பரேட்டரும் வந்து இறங்கினார்கள். கூடவே ஒரு டைனமோ. அதைக் கையால் சுற்றினால்தான் விளக்கு எரியும்.

"யாராச்சும் கை பலமுள்ளவங்க வேணும்" என்றான் வெனியமீன். எல்லாத் தலைகளும் ஒரே பக்கம் திரும்பின.

டைனமோ போட்ட சத்தத்தில், பேசாத அந்தப் படத்தின் நடுவே திரையில் வரும் எழுத்துகளைச் சங்கத் தலைவர் காபித்தோன் உரக்கப் படிப்பது யாருக்கும் கேட்கவில்லை. எனவே கலையின் நலன் கருதி டைனமோவை வெளி நடைக்குத் தள்ளினார்கள். உஸ்தீன்யாவும் மற்றவர்களைப் போல நுழைவுக் கட்டணமாக முட்டை கொடுத்தாள். ஆனால் முதல் இரண்டு படங்களையும் சுவராகத்தான் பார்த்தாள்.

மூன்றாவது படத்தில், உள்ளே எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்த இடத்தில், அவள் கையை எடுத்துவிட்டாள். அறை இருண்டது.

"என்னம்மா, கை வலிக்குதா?" என்று காபித்தோன் கத்தினார்.

"கை நல்லாத்தான் இருக்கு, தலைவரே. கண்ணுதான் வேலையில்லாம கெடக்கு."

"நாளைக்கு நானே கதை சொல்றேன், இப்பச் சுத்து."

"போன தடவையும் நீங்கதான் சொன்னீங்க. உங்க கதை முழுக்கக் குதிரை. உங்க பொண்டாட்டி சொன்ன கதையில குதிரையே இல்ல!"

இருட்டில் அவசரப் பொதுக்கூட்டம் கூடியது. தூக்கிய கைகளை எண்ண வெளிச்சம் தேவைப்பட்டதால், தன் கோரிக்கைக்கான வாக்கெடுப்புக்கு உஸ்தீன்யாவே சுற்றிக்கொடுத்தாள். தீர்மானம் நிறைவேறி, டைனமோ உள்ளே, திரைக்கு நேரெதிரே வந்தது.

அங்கேதான் வினை. திரையில் ஆலைக்காரன் அனாதைப் பெண்ணை உறைந்த ஆற்றின் விளிம்புக்கு இழுத்துப் போனான். உஸ்தீன்யா வாயைப் பிளந்தாள், கை நின்றது, ஆறு, பெண், ஆலைக்காரன் எல்லாம் மறைந்தன.

"சுத்து!"

"ஐயோ, அந்தப் பாவி அவள என்ன பண்றான்னு தெரியலையே!"

"நீ சுத்தினாத்தானே தெரியும்!"

சுற்றினாள். ஆலைக்காரனின் கழுத்தே கையில் சிக்கியது போலச் சுற்றினாள். அறை நண்பகலாய் வெளுத்தது. 'டப்'பென்று பல்பு வெடித்தது.

மாற்று பல்பு மாவட்டத் தலைநகரில் இருந்தது. இத்தனை நாள் காத்திருந்து பார்த்த முதல் படம் பாதியில் போனதில், உஸ்தீன்யா தலைக்குட்டை நுனியில் மூக்கைச் சிந்தினாள்.

"தம்பி, அந்தப் பொண்ணு என்ன ஆனா?"

"முழுகிச் செத்துடுவாக்கா. அதான் கதை."

"யார் சொன்னா?"

"படத்துல அப்படித்தான் எடுத்திருக்காங்க."

"எடுத்துட்டுப் போகட்டும். நீ பல்பு கொண்டு வா."

அடுத்த வாரம் பல்பு வந்தது. படத்தை முதலிலிருந்து ஓட்டினார்கள். உஸ்தீன்யா ஒரே சீராகச் சுற்றினாள்; சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்தாள், கை நிற்கவில்லை. ஆலைக்காரன் ஆற்றோரம் வந்தான். பெண்ணைப் பிடித்தான். உஸ்தீன்யா கையை எடுத்து, மடியில் வைத்துக்கொண்டாள்.

இருட்டு. இந்த முறை ஒருவர்கூட 'சுத்து' என்று கத்தவில்லை. யாரோ ஒரு கிழவர் நிம்மதியாகப் பெருமூச்சு விட்டார்.

"அக்கா, இன்னும் அரை ரீல் இருக்கு!" என்று வெனியமீன் பதறினான்.

"அத வண்டியில ஏத்து" என்றார் காபித்தோன். "ஜனங்களே, படம் முடிஞ்சுது. பொண்ணு பிழைச்சிட்டா."